பாங்காக்கிலிருந்து பட்டாயா: ஏஜென்ட் இல்லாமல் ஒரே நாளில் போய்வர அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரே நாளில் போய்வருவது நடக்கிற காரியமா?

நடக்கும், விடியற்காலையில் கிளம்பினால். பாங்காக்கிலிருந்து பட்டாயா தென்கிழக்கே சுமார் 150 கி.மீ. சாலை காலியாக இருந்தால் பேருந்தில் இரண்டு மணி நேரம். வழக்கமாக இரண்டேகால், இரண்டரை ஆகும். காலை 6 மணிக்குப் பேருந்தில் உட்கார்ந்து இரவு 10 மணிக்குத் திரும்பி வந்து இறங்கினால், போகவர ஐந்து மணி நேரமும் ஊருக்குள் வண்டி மாறுவதற்கு ஒரு மணி நேரமும் போக, பத்து மணி நேரம் உங்களுக்கு மிஞ்சும். அது தாராளம்.

ஹோட்டலில் காலை உணவை முடித்துக்கொண்டு 9 மணிக்குக் கிளம்புகிறவர்களுக்குத்தான் நாள் போதாமல் போகிறது. மூன்று மணி நேரம் தாமதித்தால் மூன்று மணி நேரம்தானே போகும் என்று தோன்றும். ஆனால் பாங்காக் சாலை அந்நேரம் நெரியும். பட்டாயாவில் காலைப் படகுகள் போயிருக்கும். அடுத்த படகுக்குக் காத்திருக்க வேண்டும். மொத்தத்தில் ஐந்து மணி நேரம் காணாமல் போகும்.

தீவு, கோயில், தோட்டம், வாக்கிங் ஸ்ட்ரீட் என்னும் இரவு விடுதித் தெரு எல்லாவற்றையும் பார்த்துவிடலாமா?

முடியாது. ஒன்று கோ லான் தீவு, இல்லையென்றால் ஊர். இரண்டில் ஒன்றை முதல் நாள் இரவே முடிவு செய்துவிடுங்கள். தீவுக்குப் போனால் காலை 9 முதல் மாலை 4:30 வரை அதற்கே சரியாக இருக்கும். மாலையில் ஒரு குன்று, ஒரு சாப்பாடு, அவ்வளவுதான் சேர்க்க முடியும்.

எங்கள் சாய்வு தீவின் பக்கம். பட்டாயா கடற்கரை நடக்கவும் உட்கார்ந்திருக்கவும் நல்ல இடம். ஆனால் படகுகள் அடைந்து கிடக்கும், தண்ணீரும் தெளிவாக இருக்காது. கடலில் இறங்கத்தான் போகிறீர்கள் என்றால் கோ லானுக்குப் போவதே சரி. கடலில் இறங்கும் எண்ணம் இல்லை, மழைக்காலம், அல்லது படகு ஒத்துக்கொள்ளாது என்பவர்கள் ஊரைத் தேர்ந்தெடுக்கலாம். அதற்கான திட்டம் பின்னால் இருக்கிறது.

பேருந்தை எங்கே பிடிப்பது?

எக்கமாய் என்னும் கிழக்குப் பேருந்து நிலையம். பி.டி.எஸ். வான்ரயிலில் எக்கமாய் நிறுத்தத்தில் இறங்கி 2ஆம் எண் வாசலில் வந்தால் நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. பட்டாயா கவுன்டரில் வரிசையில் நின்று டிக்கெட் எடுக்க வேண்டும். கட்டணம் 130 பாட் அளவில். டிக்கெட்டில் நேரமும் இருக்கை எண்ணும் இருக்கும்; அந்த எண்ணில்தான் உட்கார வேண்டும். பகல் முழுக்க ஏறத்தாழ அரைமணிக்கு ஒரு வண்டி இருப்பதால் வேலை நாட்களில் முன்பதிவு தேவையில்லை.

ஏசியைக் கடுமையாக வைப்பார்கள். மெல்லிய மேலாடை ஒன்று இருக்கட்டும். ஏறுவதற்கு முன் கழிப்பறைக்குப் போய்விடுங்கள்.

சதுசக் சந்தைக்கு அருகில் தங்கியிருந்தால் மோ சிட் நிலையம் வசதி. ஆனால் வான்ரயில் மோ சிட் நிறுத்தமும் பேருந்து நிலையமும் ஒரே இடம் அல்ல. நடுவில் சில கி.மீ. தூரம் உண்டு. பெயரை நம்பி ரயிலில் போய் இறங்கி, அங்கே டாக்சி தேடி அரைமணியைத் தொலைப்பவர்கள் நிறைய. சுகும்வித், சியாம், சீலோம் பகுதிகளில் தங்கியிருப்போர் யோசிக்காமல் எக்கமாய் போகலாம்.

மினிவேன் சீக்கிரம் போகுமாமே?

பத்து, இருபது நிமிடம் முந்தலாம். அதற்கு ஈடாக முட்டி இடிக்கும் இருக்கை, கூரை வரை ஆள், ஓட்டுநரின் அவசரம். பெரிய பைக்குத் தனி இருக்கைக் காசு கேட்பார்கள். ஆள் நிரம்பினால்தான் கிளம்பும் என்பதால் முந்திய நேரமும் காத்திருப்பில் போய்விடும். இரவில் கடைசிப் பேருந்து போய்விட்டால் மட்டும் வேனை நினையுங்கள்.

ரயில்?

மூன்றாம் வகுப்பு 31 பாட். அந்த மலிவும் சன்னல் காற்றும் தவிர வேறு நன்மை இல்லை. ஹுவா லம்போங் நிலையத்திலிருந்து காலை 7 மணிக்குச் சற்று முன் கிளம்பும் சாதாரண ரயில் பட்டாயா சேர மூன்றரை மணி நேரம் எடுக்கும். திரும்பும் ரயில் மதியம் 2 மணிக்கு மேல் வந்துவிடும். ஊரில் கிடைப்பது நாலு மணி நேரம்கூட இல்லை. பட்டாயா நிலையம் கடற்கரையிலிருந்து விலகி, சுகும்வித் நெடுஞ்சாலைக்குக் கிழக்கே இருக்கிறது. வாசலில் ஊர்வண்டியும் நிற்காது. போகும்போது ரயில், வரும்போது பேருந்து என்று வைத்துக்கொண்டாலும் காலைப் படகு கைவிட்டுப் போகும்.

சுவர்ணபூமி விமான நிலையத்திலிருந்து நேராகப் போக முடியுமா?

முடியும். தரைத்தளமான முதல் மாடியில் 8ஆம் வாசல் அருகே பட்டாயாவுக்கும் அதற்குத் தெற்கேயுள்ள ஜோம்தியன் கடற்கரைக்கும் போகும் பேருந்துக்கான கவுன்டர் உண்டு. காலையிலிருந்து இரவு வரை ஏறத்தாழ மணிக்கு ஒரு வண்டி. கட்டணம் 140, 150 பாட். சுகும்வித் நெடுஞ்சாலையில் வட, மத்திய, தென் பட்டாயா சந்திப்புகளில் நிறுத்தி, ஜோம்தியனில் தப்ரயா சாலையில் முடியும். தீவுக்குப் போகிறவர்கள் தென் பட்டாயா சந்திப்பில் இறங்கினால் படகுத்துறை கிட்டம்.

விமானம் மாறும் இடைவெளியில் போய்வர நினைத்தால், குடியேற்ற வரிசை, சாலை, திரும்பி வந்து மூன்று மணி நேரம் முன்னதாக நிற்பது எல்லாவற்றையும் கழித்துப் பாருங்கள். 14 மணி நேர இடைவெளிக்குக் கீழே இருந்தால் வேண்டாம்.

டாக்சி?

நாலு பேர் இருந்தால் யோசிக்கலாம். ஒரு வழிக்கு 1,200 முதல் 1,500 பாட் வரை பேசுவார்கள். ஊருக்கு வெளியே மீட்டர் போடமாட்டார்கள். 7ஆம் எண் மோட்டார்வேயின் சுங்கம் அந்தத் தொகையில் அடங்குமா என்று ஏறும் முன்பே கேளுங்கள். நாள் முழுக்கக் காத்திருக்கச் சொல்லி வண்டி பேசினால், ஓட்டுநர் உங்களை ரத்தினக் கடைக்கும் தோல் பொருள் கடைக்கும் கூட்டிப்போகப் பார்ப்பார். அவருக்கு அங்கே கமிஷன்.

பட்டாயா பேருந்து நிலையத்தில் இறங்கிய பிறகு?

நிலையம் வட பட்டாயா சாலையில் இருக்கிறது. கடற்கரைக்கு இரண்டு கி.மீ.க்கு மேல். இறங்கியதும் முதல் வேலை, திரும்பும் டிக்கெட்டைப் பற்றி விசாரிப்பது. சனி, ஞாயிறு, தாய்லாந்து விடுமுறை நாள் என்றால் அப்போதே வாங்கிவிடுங்கள். ஞாயிறு மாலை 4 மணியிலிருந்து 8 மணி வரை பாங்காக் திரும்பும் கூட்டம் மொத்தமும் அந்தக் கவுன்டரில்தான் நிற்கும். 5 மணிக்குப் போய் நின்றால் 7 மணி வண்டிதான் கிடைக்கும்.

நிலையத்துக்குள் நிற்கும் வண்டிகள் தலைக்கு 30 முதல் 50 பாட் கேட்கும். நாலைந்து பேர் சேர்ந்ததும் கிளம்பிவிடும். காலையில் படகைப் பிடிக்கும் அவசரத்தில் அதைக் கொடுத்துவிடலாம். மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் அதுவல்ல.

சோங்தேவ் எப்படி வேலை செய்கிறது?

பட்டாயாவில் பணம் மிச்சமாவதும் வீணாவதும் இந்த வண்டியில்தான். பிக்கப் டிரக்கின் பின்புறம் எதிரெதிரே இரண்டு பெஞ்சு, மேலே கூரை. கருநீல நிறம். நம்மூர் ஷேர் ஆட்டோவின் பெரிய அண்ணன்.

பீச் ரோடு வடக்கிலிருந்து தெற்கே ஒருவழி. அதற்கு இணையான செகண்ட் ரோடு தெற்கிலிருந்து வடக்கே ஒருவழி. வண்டிகள் இந்த இரண்டிலும் வட்டமடித்துக்கொண்டே இருக்கும். தெற்கே போக வேண்டுமா, பீச் ரோட்டில் கை காட்டுங்கள். வடக்கே போக வேண்டுமா, செகண்ட் ரோட்டுக்கு நடந்து வந்து கை காட்டுங்கள். ஓடும் வண்டி மெதுவாகும். பேசாமல் பின்னால் ஏறி உட்காருங்கள். இறங்கும் இடம் வந்ததும் கூரையிலுள்ள பொத்தானை அழுத்துங்கள். இறங்கி முன்னால் போய் ஓட்டுநரிடம் காசு கொடுங்கள். ஒரு ஆளுக்கு 10 பாட்தான் நெடுங்காலக் கணக்கு. தடம் நீண்டால் 20.

விலை கேட்காதீர்கள். "பாலி ஹாய் படகுத்துறை போகுமா, எவ்வளவு?" என்று கேட்ட நொடியில் நீங்கள் பயணி என்ற நிலையிலிருந்து வாடகைக்கு எடுப்பவர் என்ற நிலைக்கு மாறிவிடுவீர்கள்; 200 பாட் என்று பதில் வரும். ஓரமாக நிற்கும் காலி வண்டியில் ஏறினாலும் அதே கதை. ஓடுகிற வண்டி, உள்ளே ஏற்கெனவே ஆள், சில்லறைக் காசு: இந்த மூன்றும் இருந்தால் சிக்கல் வராது. 100 பாட் தாளை நீட்டிவிட்டுப் பாக்கிக்கு நின்றால் சில ஓட்டுநர்கள் போய்விடுவார்கள். அதனால் காலையிலேயே எங்காவது ஒரு தண்ணீர்ப் பாட்டில் வாங்கி 20 பாட் தாள்களும் 10 பாட் நாணயங்களுமாக மாற்றிக்கொள்ளுங்கள்.

ஜோம்தியன் போகும் வண்டிகள் செகண்ட் ரோடும் தென் பட்டாயா சாலையும் சந்திக்கும் மூலையிலிருந்து கிளம்பும். நக்லுவா பக்கம் போகிறவை வடக்கே டால்ஃபின் ரவுண்டானாவிலிருந்து.

கிராப், போல்ட் செயலிகள் உண்டா?

இரண்டும் நன்றாக ஓடுகின்றன. போல்ட் பெரும்பாலும் மலிவு. பைக் டாக்சியும் அதிலேயே கிடைக்கும். மூன்று பேருக்கு மேல் இருந்தாலோ சோங்தேவ் தடத்தில் இல்லாத இடத்துக்குப் போவதானாலோ செயலிதான் நல்லது. மாலை 5 முதல் 8 வரை செகண்ட் ரோட்டில் கார் ஊர்ந்துதான் போகும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

கோ லான் படகை எப்படிப் பிடிப்பது?

படகுத்துறையின் பெயர் பாலி ஹாய். வாக்கிங் ஸ்ட்ரீட்டின் தெற்கு முனையில் இருக்கிறது. பீச் ரோடு சோங்தேவ் வாக்கிங் ஸ்ட்ரீட்டின் தலைமாட்டில் இடப்பக்கம் திரும்பிவிடும். அங்கே இறங்கி அந்தத் தெரு வழியே பத்து நிமிடம் நடந்தால் துறை. காலையில் அந்தத் தெருவில் சரக்கு வண்டிகளும் துடைப்பக்காரர்களும்தான் இருப்பார்கள். குடும்பத்தோடு தாராளமாக நடக்கலாம்.

துறை வாசலிலேயே ஆட்கள் மறிப்பார்கள். "ஃபெர்ரி போயிடுச்சு, அடுத்தது மத்தியானம்தான், ஸ்பீட் போட் வாங்க" என்பார்கள். காதில் போட்டுக்கொள்ளாமல் துறையின் கடைசி வரை நடங்கள். பெரிய மரப்படகுகள் அங்கேதான் நிற்கும். கட்டணம் ஒரு வழிக்கு 30 பாட். பயணம் 40 முதல் 45 நிமிடம்.

படகுகள் இரண்டு இடத்துக்குப் போகின்றன. நபான் என்பது தீவின் கிராமம். காலை 7, 10, 12, பிற்பகல் 2, 3:30, 5, 6:30 என்பது வழக்கமான நேரம். தவேன் கடற்கரைக்கு நேராகப் போகும் படகு காலை 8, 9, 11, பிற்பகல் 1 மணிக்கு. பருவத்துக்கும் கூட்டத்துக்கும் ஏற்ப நேரம் மாறும். விடுமுறை நாளில் நிரம்பியதும் கிளம்பிவிடும். 6 மணிப் பேருந்தில் வந்தவருக்கு 9 மணிப் படகு இழுபறி. 10 மணிப் படகு நிச்சயம். கணக்கை 10 மணிப் படகுக்கே போடுங்கள். 9 மணிப் படகு கிடைத்தால் லாபம்.

தீவில் இறங்கியவுடன் திரும்பும் நேரங்களை எழுதிய பலகையைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தவேனிலிருந்து கடைசிப் படகு மாலை 5 மணியை ஒட்டி, நபானிலிருந்து 6 மணியை ஒட்டி. பாங்காக் திரும்ப வேண்டியவர்கள் கடைசிப் படகுக்கு முந்திய படகையே குறி வைக்க வேண்டும். கடைசிப் படகில் எல்லாரும் அடித்துப்பிடித்து ஏறுவார்கள். அது போய்விட்டால் தீவிலேயே அறை எடுக்க வேண்டும், இல்லையேல் தனி ஸ்பீட் போட்டுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்க வேண்டும்.

ஸ்பீட் போட் எடுக்கலாமா?

15 நிமிடத்தில் போய்விடும். பலரோடு பகிர்ந்தால் தலைக்குச் சில நூறு பாட், தனியாக எடுத்தால் 2,000 பாட்டுக்கு மேல். குழுவாகப் போனால், படகு தவறிப்போனால், சரி. ஆனால் அலை இருக்கும் நாளில் முதுகுவலி உள்ளவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் ஏறவே கூடாது. முன்பக்க இருக்கை ஒவ்வோர் அலைக்கும் தூக்கித் தூக்கிப் போடும். முதுகெலும்பு நசுங்கும் அளவுக்கு அடிபட வாய்ப்பு உண்டு. வேறு வழியில்லை என்றால் பின்பக்கமாக உட்காருங்கள்.

தீவில் எந்தக் கடற்கரை?

தவேன் பெரியது; கடைகள், சாய்வு நாற்காலிகள், கழிப்பறை எல்லாம் உண்டு. டூர் குழுக்கள் வந்து இறங்குவதும் அங்கேதான். காலை 10 முதல் 2 வரை மணல் தெரியாது. குழந்தைகளோடு போய், எல்லாம் கையெட்டும் தூரத்தில் வேண்டும் என்பவர்களுக்கு அது போதும்.

மற்றவர்களுக்கு சமே. மேற்கு பார்த்த, அகலமான மணல். தவேனை விடக் கூட்டம் குறைவு. அதன் பக்கத்திலுள்ள தியென் சிறியது, பாறைகள் அணைத்த வளைவு. நபான் துறையிலிருந்து சோங்தேவிலோ பைக் டாக்சியிலோ போகலாம். தூரத்தைப் பொறுத்து 20 முதல் 60 பாட். சோங்தேவ் ஆள் சேரும்வரை நிற்கும்.

நுவால் கடற்கரைக்குக் குரங்குக் கடற்கரை என்றும் பெயர். குரங்குகளுக்குத் தீனி போடாதீர்கள். கையில் பிளாஸ்டிக் பையை வைத்துக்கொண்டு நிற்கவும் வேண்டாம்.

நாற்காலி வாடகை 50 முதல் 100 பாட். கழிப்பறைக்கு 10, 20. நல்ல தண்ணீரில் குளிக்க அதற்குமேல் கொஞ்சம். உப்புநீரோடு திரும்பப் பேருந்தில் உட்கார்ந்தால் ஏசி காற்றில் தோல் எரியும், ஆகவே குளியலுக்குக் காசு பார்க்க வேண்டாம்.

தீவில் பைக் வாடகைக்கு எடுக்கலாமா?

இருசக்கர வண்டிக்கான அங்கீகாரம் உள்ள சர்வதேச ஓட்டுநர் அனுமதி உங்களிடம் இருந்தால் மட்டும். கார் ஓட்ட மட்டும் அனுமதி இருந்து விபத்து நடந்தால் பயணக் காப்பீடு கைவிரித்துவிடும். தீவின் சாலைகள் செங்குத்தானவை; வளைவுகளில் மணல் படிந்திருக்கும்; செருப்பும் ஈரக் காலுமாக பிரேக் பிடிப்பவர்கள் சறுக்கி விழுவது அங்கேதான். பாஸ்போர்ட்டை ஈடாக யாரிடமும் கொடுக்காதீர்கள். நகலும் ரொக்க முன்பணமும் ஏற்கும் கடையைப் பாருங்கள்.

ஜெட் ஸ்கீயில் ஏமாற்றுவார்கள் என்கிறார்களே?

பழைய வித்தை. ஓட்டி முடித்து வந்ததும் அடிப்பகுதியில் ஒரு கீறலைக் காட்டி, "நீங்கள் உடைத்தது" என்று பல்லாயிரம் பாட் கேட்பார்கள். அந்தக் கீறல் முந்திய நாளே இருந்ததாக இருக்கும். ஏறும் முன் வண்டியை நாலு பக்கமும் அடிப்பகுதியும் தெரிய, வாடகைக்காரரின் கண் முன்னாலேயே வீடியோ எடுங்கள். வீடியோ எடுக்க விடாதவரிடம் வண்டி எடுக்கவே வேண்டாம். சண்டை முற்றினால் பணம் கொடுக்காமல் சுற்றுலாப் போலீஸை 1155 எண்ணில் அழையுங்கள்.

பாராசெய்லிங்கிலும் கடலடி நடையிலும் இத்தகைய ஏமாற்று குறைவு. ஆனால் விலை ஆளுக்கு ஆள் மாறும். முதல் விலையில் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கடலில் என்ன ஆபத்து?

முதலாவது படகு. மிதவைக் கயிறு கட்டிய எல்லைக்குள் மட்டும் நீந்துங்கள். அதற்கு வெளியே ஸ்பீட் போட்டுகள் கரை வரை வரும். இரண்டாவது பாறை ஓரங்களில் இருக்கும் கடல் முள்ளெலி. அதன் கறுப்பு முள் காலில் ஏறினால் ஒடிந்து உள்ளேயே நிற்கும். ரப்பர் காலணி போட்டு இறங்குங்கள்.

மூன்றாவது சொறிமீன் (ஜெல்லி மீன்). மழைக்காலத்தில் அதிகம். தாய்லாந்து வளைகுடாவில் பெட்டிச் சொறிமீனும் உண்டு. அதன் கொட்டு உயிருக்கே ஆபத்து. கொட்டினால் தேய்க்கக் கூடாது, நல்ல தண்ணீர் ஊற்றக் கூடாது. அரை நிமிடத்துக்குக் குறையாமல் வினிகர் ஊற்ற வேண்டும். மூச்சு முட்டினால், நெஞ்சு வலித்தால் உடனே 1669 ஆம்புலன்ஸ்.

தீவு வேண்டாம், ஊர் போதும் என்றால் அந்த நாளை எப்படி அமைப்பது?

வடக்கில் தொடங்கித் தெற்கே இறங்குங்கள். பீச் ரோட்டின் ஓட்டமும் அப்படித்தான்.

காலையில் நக்லுவாவில் உள்ள சத்தியத்தின் ஆலயம். லெக் விரியபன் என்ற செல்வந்தர் 1981இல் தொடங்கிய கட்டடம். 105 மீட்டர் உயரம், முழுக்க மரம், கடலோரத்தில் நிற்கிறது. இன்னும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்: உப்புக்காற்றில் ஒரு பக்கம் மரம் உளுக்க, இன்னொரு பக்கம் புதிதாகச் செதுக்குவார்கள். அதனால்தான் உள்ளே போகத் தலைக்கவசம் தருகிறார்கள். கட்டணம் 500 பாட். இந்து, பௌத்தச் சிற்பங்கள் ஒன்றோடொன்று கலந்திருப்பதைப் பொறுமையாகப் பார்க்க இரண்டு மணி நேரம் வேண்டும். டால்ஃபின் ரவுண்டானாவிலிருந்து நக்லுவா சோங்தேவில் 12ஆம் சந்து முனையில் இறங்கி உள்ளே ஒரு கி.மீ. நடக்கலாம், வெயிலில் அது நீளமாகத் தெரியும், போல்ட் பைக் எடுத்துவிடுங்கள். தோளும் முழங்காலும் மறையும் உடை அவசியம்.

மதியச் சாப்பாட்டுக்கு டால்ஃபின் ரவுண்டானா அருகிலுள்ள டெர்மினல் 21 வணிக வளாகத்தின் உணவுக்கூடம். உச்சி வெயிலில் ஏசிக்குள் உட்கார அதுவே நல்ல சாக்கு. பிற்பகலில் ஜோம்தியன்: பட்டாயா கடற்கரையை விட நீளம், அமைதி, மர நிழல். மாலை 5 மணிக்குள் பிரதம்நாக் குன்று.

நோங் நூச் தோட்டம் ஊருக்குத் தெற்கே 15 கி.மீ.க்கு மேல். பார்க்கத் தகுந்ததுதான், ஆனால் அரைநாளைக் கேட்கும். 1996இல் மன்னர் பூமிபோலின் பொன்விழாவுக்காக மலை முகத்தில் புத்தர் உருவம் பொறித்த காவோ சி சான் அதே திசையில் இருக்கிறது. இந்த இரண்டையும் சேர்த்து ஒரு கார் பேசினால் நாள் நிறைந்துவிடும்; அப்போது நக்லுவாவை விட்டுவிடுங்கள்.

சூரிய அஸ்தமனத்தை எங்கே பார்ப்பது?

பிரதம்நாக் குன்றின் காட்சிமுனையில். வளைகுடாவின் முழுப் பிறைவடிவமும் கீழே பாலி ஹாய் துறையும் தெரியும். பக்கத்துக் குன்றில் வாட் பிரா யாய். 18 மீட்டர் பொன்னிற புத்தர், அனுமதி இலவசம். நவம்பரில் 5:45 வாக்கிலேயே சூரியன் இறங்கிவிடும். ஜூன், ஜூலையில் 6:45 தாண்டும். இந்த ஒரு மணி நேர வேறுபாட்டைப் பார்க்காமல் போய் இருட்டில் நிற்பவர்கள் உண்டு.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

கிடைக்கும், "காய்கறி மட்டும்" என்று சொன்னால் மட்டும் போதாது. காய்கறி வறுவலிலும் மீன் சாறும் சிப்பிச் சாறும் விடுவார்கள். அவர்களுக்கு அது உப்பு போடுவது மாதிரி. "கின் ஜே" என்று சொல்லுங்கள். மஞ்சள் பின்னணியில் சிவப்பாக, 17 என்ற எண்ணைப் போல் தெரியும் எழுத்து கடை முகப்பில் இருந்தால் அது ஜே உணவு: இறைச்சி, மீன், முட்டை, பால் இல்லை; பூண்டு, வெங்காயமும் இல்லை. முட்டை சாப்பிடுபவர்கள் "மங்சவிராத்" என்று கேட்கலாம்.

தென் பட்டாயாவிலும் செகண்ட் ரோட்டிலும் இந்திய உணவகங்கள் நிறைய. தீவில் தேர்வு குறைவு; சைவக்காரர்கள் பழமும் ரொட்டியும் கையில் எடுத்துப் போவது நல்லது. அசைவக்காரர்கள் கடலுணவைத் தீவில் எடை போட்டு வாங்கும்போது, விலை முழு மீனுக்கா, 100 கிராமுக்கா என்று கேட்டபின் தலையாட்டுங்கள்.

மொத்தம் எவ்வளவு செலவாகும்?

தீவுத் திட்டத்தில் ஒருவருக்கு: பேருந்து போகவர 260, வான்ரயில் 80, சோங்தேவ்கள் 100, படகு 60, தீவுக்குள் வண்டி 80, நாற்காலியும் குளியலும் 150, சாப்பாடும் தண்ணீரும் 350. சுமார் 1,080 பாட். ஊர்த் திட்டத்தில் படகும் நாற்காலியும் கழிந்து ஆலயக் கட்டணம் சேரும்; 1,400 பாட் வரை போகும்.

வெளிநாட்டு அட்டையில் ஏடிஎம் எடுத்தால் ஒவ்வொரு முறையும் 220 பாட் அல்லது அதற்குமேல் கட்டணம் பிடிப்பார்கள். பணத்தைப் பாங்காக்கிலேயே மாற்றி எடுத்து வாருங்கள். ஏடிஎம் திரையில் "உங்கள் நாட்டுப் பணத்தில் மாற்றவா" என்று கேட்டால் வேண்டாம் என்றே அழுத்துங்கள். அந்த மாற்று விகிதம் எப்போதும் மோசம்.

எந்த மாதம், எந்தக் கிழமை?

நவம்பர் முதல் பிப்ரவரி வரை கடல் தணிந்திருக்கும். செப்டம்பர், அக்டோபரில் மழை அதிகம். அலை எழுந்தால் படகை நிறுத்திவிடுவார்கள், பலத்த மழையில் பீச் ரோடே முழங்கால் தண்ணீராகும். அந்த மாதங்களில் ஊர்த் திட்டத்தையும் கையில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள். கிழமைகளில் செவ்வாய் முதல் வியாழன் வரை உத்தமம்.

ஏப்ரல் 18, 19இல் போகவே வேண்டாம். நாடெங்கும் சோங்கிரான் என்னும் தாய்லாந்துப் புத்தாண்டு முடிந்த பிறகு நக்லுவாவிலும் பட்டாயாவிலும் வான் லாய் என்ற பெயரில் தண்ணீர் விழா நடக்கும். சாலைகள் அடைபட்டுவிடும், கைபேசி நனையாமல் திரும்ப முடியாது.

என்ன கொண்டு போக வேண்டும், எதைக் கொண்டு போகக் கூடாது?

மாற்றுடை ஒன்று, மெல்லிய துண்டு, நீர்புகாப் பை, சன்ஸ்கிரீன், தொப்பி, பாஸ்போர்ட் நகல், சில்லறை. பெட்டியை பாங்காக் ஹோட்டலிலேயே விட்டுவிடுங்கள். சோங்தேவிலும் படகிலும் அது பெரும் தொல்லை. மின்சிகரெட் தாய்லாந்தில் சட்டவிரோதம்; பையில் இருந்தாலே வம்பு. கடற்கரை மணலில் சாதாரண சிகரெட் பிடித்தாலும் அபராதம் உண்டு.

திரும்பும்போது எத்தனை மணிக்குக் கிளம்பணும்?

8 மணிப் பேருந்து என்றால் 7 மணிக்கே கடற்கரையை விடுங்கள். பாலி ஹாயிலிருந்து வருகிறவர்கள் துறை வாசலில் நிற்கும் வாடகை வண்டிகளைத் தாண்டி செகண்ட் ரோட்டுக்கு நடந்து வந்து, வடக்கே போகும் சோங்தேவில் ஏறி, டால்ஃபின் ரவுண்டானாவில் இறங்கி, அங்கிருந்து வட பட்டாயா சாலையில் வேறு வண்டி. மாலை நெரிசலில் முக்கால் மணி நேரம் ஆகும். மாலையில் வாக்கிங் ஸ்ட்ரீட்டுக்குள் வண்டிகளை விடமாட்டார்கள் என்பதால் செயலியில் அழைத்த காரும் தெருவுக்குள் வராது. சுற்றி வரச் சொல்லிக் காத்திருப்பதை விட நீங்கள் வெளியே நடந்துவிடுவது மேல்.

8 மணி வண்டி 10:15 வாக்கில் எக்கமாய் சேரும். வான்ரயில் நள்ளிரவு வரை உண்டு. ஞாயிறு இரவில் பாங் நா பகுதியில் நெரிசல் கூடி ஒரு மணி நேரம் கூடுதலாகலாம். வண்டி பாங் நாவில் நிறுத்தினால் அங்கேயே இறங்கி வான்ரயிலுக்கு மாறிவிடுவது உத்தி.

கடைசிப் பேருந்தைத் தவறவிட்டால்?

எக்கமாய் வண்டிகள் இரவு 10, 11 மணியோடு நின்றுவிடும். முதலில் நிலையத்திலேயே மோ சிட் வண்டியோ வேனோ இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அங்கே உங்களைப் போலவே நிற்பவர்களோடு சேர்ந்து போல்ட் அல்லது டாக்சி பேசி, செலவைப் பகிர்ந்துகொள்ளுங்கள். தனியாள் என்றால், நள்ளிரவு டாக்சிக்குக் கொடுக்கும் காசில் பட்டாயாவில் ஒரு சுத்தமான அறை கிடைக்கும். விடியற்காலை முதல் பேருந்தில் ஏறினால் 8 மணிக்குள் பாங்காக்.